சுற்றுப்பயணி வராத ஜார்ஜ்டவுனில் மிச்சம் யார்?

14 ஜூன் 2021. கூலிம் வாசகர் கேட்டது

ஜார்ஜ்டவுன் செத்துப்போச்சு என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவரோவியத்தையும் காப்பிக்கடையையும் காட்டிப் பிழைத்த ஊர். கோவிடுக்காக மூடிய எல்லையைத் திறந்தால் ஆறே மாதத்தில் பழைய கூட்டம் வந்துவிடும். கட்டடம் எங்கேயும் ஓடிப்போகாது. தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் வேலை செய்கிறவனுக்கு இல்லாத கஷ்டமா உங்களுக்கு?

14 ஜூன் 2021, இரவு

கட்டடம் ஓடாது, சரி. ஆள் ஓடுவான். நானே ஓடியாச்சு.

நான் மலேசியாவின் பினாங்குத் தீவில், இந்த ஜார்ஜ்டவுனில் சுற்றுலா வழிகாட்டி. அமைச்சு கொடுத்த உரிம அட்டை இன்னும் கையில் இருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டையில் ஆரம்பித்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவீன் தெரு மாரியம்மன் கோயில், ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் பிள்ளைகள் ஓவியம், கடைசியில் சியூ ஜெட்டி. இதுதான் என் வழக்கமான பாதை. தமிழ்நாட்டுக் கூட்டமாக இருந்தால் நடுவில் நாசி கண்டாருக்கு (பல குழம்பு ஊற்றித் தருகிற பினாங்குச் சோறு) நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் கோயிலுக்குள்ளேயே முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. "2020 மலேசியாவுக்கு வருகை தாருங்கள்" இயக்கத்தை ரத்து செய்ததாக அறிவிப்பு வந்ததும் அதே நாளில்தான். என் மேசையில் அந்த இயக்கத்தின் துண்டறிக்கைக் கட்டு பிரிக்காமலே கிடந்தது. பிற்பாடு அதன் பின்பக்கத்தில் என் மனைவி தையல் அளவெல்லாம் குறித்து வைத்தார். அந்தக் காகிதம் வீண்போகவில்லை.

நிவாரணம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. டாக்சிக்காரர், சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர், வழிகாட்டி, பதிவு வைத்திருந்த பெச்சாக்காரர் (சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்), எல்லாருக்கும் ஒரே தடவையாக 600 ரிங்கிட். அதுகூட ஊரடங்குக்கு முன்னால், பிப்ரவரிக் கடைசியில், சீனப் பயணிகள் குறைந்ததற்காக அறிவித்தது. அப்புறம் பொதுமக்கள் எல்லாருக்கும் கொடுத்த உதவித்தொகை. அதோடு சேமநிதியில் மாதம் 500 எடுக்கலாம் என்றார்கள். என் காசை எனக்கே கொடுத்ததற்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். ஆகவே ஃபேக்டரி ஆளுக்குள்ள கஷ்டம் எனக்கும் தெரியும்.

15 ஜூன் 2021

நேற்று எழுதாமல் விட்டது. அந்தத் தொழிற்சாலையில் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் கவசம், கண் மட்டும்தான் தெரியும். பக்கத்து மேசைக்காரர் ஒரு தட்டை நீட்டி "பிளீஸ்" என்றார். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் ஒரு ஓட்டலின் வாசலில் நின்று என் பயணிகளுக்குக் கதவு திறந்துவிட்டவர். எத்தனையோ வருஷமாகப் பார்த்த முகம், முகம் மறைந்ததும் குரலை வைத்துத்தான் பிடிக்க முடிந்தது.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதே வரிசையில் ஓட்டல் சமையலறை ஆள்கள், அறை சுத்தம் செய்த அக்காமார்கள், சூலியா தெருவில் மலிவு விடுதி நடத்திய ஒரு பையன் எல்லாரும் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளை மாதிரி நள்ளிரவில் ஒரு இடைவேளை உண்டு. அங்கே உட்கார்ந்தால் பாதி ஜார்ஜ்டவுன் கண்ணில் படும்.

பினாங்கு விழவில்லை என்று புள்ளிவிவரம் காட்டுகிறவர்கள் சொல்வது உண்மைதான். தீவின் தென்கோடி விழவில்லை. சிப்பு செய்கிற இடங்கள் ஆள் கிடைக்காமல் திண்டாடுகின்றன. விழுந்தது வடகோடி. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி "மாநிலம் நன்றாக இருக்கிறது" என்றால் அது கணக்கில் சரி, சூலியா தெருவில் நின்று சொன்னால் அடிப்பார்கள்.

18 ஜூன் 2021

ஆயர் ஈத்தாம் வாசகர் ஒருவர், "சுற்றுப்பயணி இல்லாமல் ஊர் எவ்வளவு அமைதி! இப்போதுதான் ஆர்மேனியன் தெருவில் நடக்க முடிகிறது" என்கிறார்.

நடந்திருக்கிறேன். போன வருஷம் ஜூலையில், கட்டுப்பாடு தளர்ந்திருந்த சமயத்தில். சைக்கிள் ஓவியத்தின் முன்னால் ஒருவரும் இல்லை. லிதுவேனியாக்காரர் எர்னெஸ்ட் சக்கரேவிச் 2012இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதில் அக்காவும் தம்பியும் போகிற மாதிரி. வழக்கமாக அங்கே வரிசையில் நிற்க வேண்டும். படம் எடுக்க ஒருவர், எடுத்ததைப் பார்த்து "என் கண்ணை மூடிட்டே" என்று திட்ட ஒருவர், மறுபடி வரிசை. எதிர்ச்சாரியில் ஐஸ்கிரீம், காந்தப் பொம்மை, டீசட்டை. அன்று ஓவியம் இருந்தது, எதிர்ச்சாரிக் கடைகள் எல்லாம் இரும்புக் கதவு இழுத்து மூடிக் கிடந்தன. முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தாகம் எடுத்தது. ஒரு போத்தல் தண்ணீர் வாங்க லிட்டில் இந்தியா வரைக்கும் நடந்தேன். நான்கு தெருவில் ஒரு மளிகைக்கடை இல்லை.

அமைதி வேண்டும் என்றால் வீடு இருக்க வேண்டும், வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது? இது பெரிய விஷயம், தனியாக எழுதுகிறேன். ஷிஃப்டுக்கு நேரமாகிறது.

19 ஜூன் 2021

தண்ணீர் வாங்கப் போன கதையில் விட்டது ஒன்று. பிட் தெருப் பக்கம் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கிறார். பினாங்கில் அந்தத் தொழிலில் நம் தமிழ் முஸ்லிம்கள் எவ்வளவு பேர் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடை திறந்திருந்தது. பலகையில் தாய்லாந்து பாட், ஆஸ்திரேலிய டாலர், பவுண்டு எதிரே மார்ச் மாதத்து எண்கள் அப்படியே இருந்தன.

"மாத்தலையா பாய்?"

"மாத்தி? யாரு வாங்க வர்றா தம்பி. எண்ணுக்குப் பேட்டரிதான் தீரும்."

கண்ணாடிக்குப் பின்னால், ரூபாய்க் கட்டு இருக்க வேண்டிய இடத்தில் முகக்கவசப் பெட்டிகள். பணம் எண்ணுகிற இயந்திரத்தின்மேல் துணி போர்த்தியிருந்தார். எல்லை மூடினால் ஓட்டலுக்காவது உள்ளூர்க்காரன் வருவான், நாணயமாற்றுக்கு உள்ளூர்க்காரன் எதற்கு? இந்தத் தொழிலைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

23 ஜூன் 2021

கலைஞர்களைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது ஒரே ஆள். என் மனைவியின் தங்கை, பரத ஆசிரியை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பினாங்கில் கலை என்றால் ஜார்ஜ்டவுன் விழா (2010இலிருந்து நடக்கிறது, போன வருஷம் இணையத்தில் நடந்தது), ஹின் பஸ் டெப்போவில் ஞாயிறுச் சந்தை, இரும்புக்கம்பிக் கேலிச்சித்திரங்கள் என்றுதான் படத்தோடு வரும். ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கையில் காசு கொடுத்தது ஓட்டல் விருந்து மேடை. மலாய் ஆட்டம் பத்து நிமிஷம், சீன விசிறி ஆட்டம் பத்து நிமிஷம், இந்தியர் பத்து நிமிஷம். அந்தப் பத்தில் ஏழு பரதம், கடைசி மூன்று பாலிவுட், பயணிகளை மேடைக்கு இழுத்துக் கை தட்ட வைப்பது. கொழுந்தியாளுக்கு அந்தக் கடைசி மூன்று நிமிஷத்தைக் கண்டாலே ஆகாது. ஆனால் வகுப்பு வாடகை அதிலிருந்துதான் போனது.

மேடை நின்றதும் ஜூமில் வகுப்பு. இங்கேதான் எனக்குப் புரியாத ஒன்றை அவர் காட்டினார். அவர் தட்டுக்கழியால் தட்டுகிற சத்தம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேருகிறது. பிள்ளைகள் அவரவர் காதில் விழுந்ததற்குச் சரியாகத்தான் ஆடுகிறார்கள். திரையில் பார்த்தால் எட்டுப் பிள்ளைக்கு எட்டுத் தாளம். யார் தப்பு, யார் சரி என்று சொல்ல முடியாது. முதலில் கத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வழி கண்டார். முந்தின நாளே ஜதியைப் பதிவு செய்து வாட்சப்பில் அனுப்பிவிடுவார். வகுப்பில் எல்லாரும் மைக்கை அடைத்துவிட்டு, தங்கள் வீட்டிலேயே அதைப் போட்டு ஆட வேண்டும். அவர் சத்தமில்லாத திரையில் காலை மட்டும் பார்த்து, "மூணாவது வீடு, குதிகால்" என்று எழுதி அனுப்புவார். வாடகை ஃபிளாட்டில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று மெத்தைமேல் நின்று ஆடிய பிள்ளை உண்டு. மெத்தைமேல் தட்டடவு எப்படிப் போட? கையை மட்டும் கற்றுக்கொண்டது அந்தப் பிள்ளை.

இணையம் கலையைக் காப்பாற்றியது என்று சில கட்டுரைகள் படித்தேன். குழு ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை. இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

24 ஜூன் 2021

"ஏன் எட்டுப் பிள்ளை, பத்து இல்லையா" என்று கேட்டவருக்கு: மற்றவர்கள் வீட்டில் ஒரே கைப்பேசி, அண்ணன் பள்ளிப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டான்.

4 ஜூலை 2021

வெள்ளைக் கொடி. உதவி தேவைப்பட்டால் சன்னலில் வெள்ளைத் துணி கட்டுங்கள் என்று எங்கேயோ ஆரம்பித்து நாடு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் அடுக்குமாடியிலும் இரண்டு தெரிகிறது. அதில் ஒன்று கொடியா, துவைத்துப் போட்ட வேட்டியா என்று தெரியாமல் அரிசி கொண்டுபோனோம். வேட்டிதான். இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

7 ஜூலை 2021

இன்று பாரம்பரிய நகர தினம், பினாங்கில் விடுமுறை. 2008இல் இதே நாளில்தான் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றியது. விடுமுறையைக் கொண்டாட வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. கடன் தவணையைத் தள்ளிப்போட விண்ணப்பம் திறக்கிறதும் இன்றைக்கேதான். பொருத்தமான நாள்.

"தனியாக எழுதுகிறேன்" என்று சொன்னது இது.

இந்த ஊர் மூடுவது இது முதல் தடவை இல்லை. வரியில்லாத் துறைமுகமாக இருந்த பினாங்குக்கு அந்தச் சலுகை 1969இல் போனது. துறைமுகத்தை நம்பிய கூலி, கணக்குப்பிள்ளை, கிட்டங்கி எல்லாம் படுத்துவிட்டது. அதற்கு மருந்தாகத்தான் 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. என் அத்தை அந்த முதல் தலைமுறைத் தொழிற்சாலைப் பெண்களில் ஒருவர். ஆக, நகரத்தில் பிழைப்பு போனால் தென்கோடிக்கு பஸ் ஏறுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை.

இரண்டாவது மூடல் சத்தமில்லாமல் நடந்தது. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றக்கூடாது என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. நகரத்தின் கடைவீடுகளில் பெரும்பகுதி அதற்குள் வரும். கீழே கடை, மேலே மூன்று குடும்பம், அற்ப வாடகை. வீட்டுக்காரருக்கு ஓடு மாற்றக்கூட அதில் தேறாது, அதையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை 1997இல் நீக்கினார்கள், 1999 முடிவோடு பாதுகாப்பு போயிற்று. 2000 ஜனவரியிலிருந்து வாடகை வாய்க்கு வந்தபடி. கூடை பின்னுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர், சலவைக்காரர், பெச்சாக்காரர் எல்லாரும் ஆயர் ஈத்தாமுக்கும் ரைபிள் ரேஞ்சுக்கும் பட்டர்வொர்த்துக்கும் போனார்கள். நாங்களும் போனோம். எட்டு வருஷம் கழித்து யுனெஸ்கோ வந்தபோது கட்டடம் இருந்தது, குடியிருந்தவன் பாதி இல்லை. காலி வீட்டில் விடுதி வந்தது, காப்பிக்கடை வந்தது. நானும் வழிகாட்டியாக அதில்தான் சம்பாதித்தேன், குறை சொல்கிற தகுதி எனக்குக் கொஞ்சம் குறைச்சல்தான்.

அதனால்தான் 2020இல் ஆர்மேனியன் தெருவில் ஒரு போத்தல் தண்ணீர் கிடைக்கவில்லை. கோவிட் அந்தத் தெருவைக் காலியாக்கவில்லை. ஏற்கெனவே காலியான தெருவில் வந்துபோகிறவர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களை எடுத்துவிட்டதும் தெரிந்துவிட்டது. லிட்டில் இந்தியாவைப் பாருங்கள். பூக்கடை, மளிகை, பூசைச் சாமான் கடை, தையல்காரர் எல்லாரும் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவர்கள் தீவெங்கும் இருக்கிறார்கள். விமானத்தில் வந்த மல்லிகை நின்றதும் கேமரன் மலைச் செவ்வந்தியும் துளசியும் வைத்து மாலை கட்டினார்கள்.

10 ஜூலை 2021

பக்கத்து மாநிலமான பேராக்கின் பாரிட் புந்தாரில் இருக்கிற அக்கா ஒருவர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தேன். "லிட்டில் இந்தியா தாக்குப்பிடித்தது என்கிறீர்கள், என் அண்ணன் புடவைக்கடை மார்க்கெட் தெருவில்தான் இருந்தது, மூடியாச்சு" என்கிறார்.

அவர் சொல்வது நியாயம். மளிகையும் புடவையும் ஒன்றில்லை. மார்க்கெட் தெருப் புடவைக்கடைக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவது தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும் கல்யாண மாதங்களும். அந்தக் கூட்டம் தீவுக்காரர்கள் மட்டுமில்லை. கெடா, பேராக், பெர்லிஸ் என்று வடக்கே உள்ள தமிழர் நிறையப் பேர் வேன் பிடித்து வருவார்கள். 2020 தீபாவளி நவம்பர் 14. அதற்கு ஐந்து நாள் முன்னால் தீபகற்பத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மறுபடி கட்டுப்பாடு. சரக்கு முழுக்கக் கடையில். கல்யாணங்களும் பதிவுத் திருமணத்தோடு முடிந்தன, பத்துப் பேருக்கு எத்தனை பட்டு வேண்டும்?

ஆக, சுற்றுப்பயணி என்றால் கேமரா மாட்டிய வெள்ளைக்காரர் என்கிற நினைப்பில் நான் எழுதியது குறுகல். பாரிட் புந்தாரிலிருந்து புடவை எடுக்க வருகிற அக்காவும் இந்த ஊருக்கு வந்துபோகிறவர்தான். மாநில எல்லை மூடியதில் அடிவாங்கியது அவரை நம்பிய கடை. முந்தைய குறிப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

16 செப்டம்பர் 2021

லங்காவி இன்று உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறந்தாச்சு. தடுப்பூசி இரண்டும் போட்டவர்கள் போகலாம். பினாங்குக்காரனான நான் விமானம் ஏறி லங்காவிக்குச் சுற்றுலா போகலாம், ஆனால் பாரிட் புந்தார் அக்கா பாலம் தாண்டி புடவை எடுக்க வர முடியாது. யாராவது இதை எனக்கு விளக்கினால் நாசி கண்டார் என் செலவு. பெரிய இறாலோடு.

12 அக்டோபர் 2021

நேற்று மாநில எல்லைகள் திறந்தன. ஜனவரியிலிருந்து மூடியிருந்தது. நாட்டில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டு முடித்ததும் திறப்போம் என்று சொன்னபடி செய்தார்கள்.

பாலத்தில் நெரிசல். கைப்பேசியில் வரிசை வரிசையாக அழைப்பு, "அண்ணே, சனிக்கிழமை நடைப்பயணம் உண்டா?" சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தை வேண்டாம் என்றேன். கேட்டவர் நம்பவில்லை, காசு போதவில்லை போலிருக்கிறது என்று இருபது வெள்ளி (ரிங்கிட்) ஏற்றிச் சொன்னார்.

6 நவம்பர் 2021

தீபாவளி முடிந்தது. மூன்று வாரத்துக்கு மார்க்கெட் தெருவில் தோள் இடிக்காமல் போக முடியவில்லை. மைசெஜாதெரா (கோவிட் கால வருகைப் பதிவுச் செயலி) ஸ்கேன் செய்ய வாசலில் ஒருவர், உள்ளே ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று எண்ண ஒருவர், பழைய பாட்டு ஒலிபெருக்கியில். புடவைக்கடைக்காரர்களுக்கு மூச்சு வந்திருக்கும். அக்காவின் அண்ணனுக்கு மட்டும் இது தாமதம். கடை இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள்.

20 பிப்ரவரி 2022

எண் கேட்டவர்களுக்கு: 2019இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2 கோடியே 61 லட்சம். 2020இல் 43 லட்சம், அதில் பெரும்பகுதி ஜனவரி முதல் மார்ச் பாதி வரைக்கும் வந்தவர்கள். 2021 முழுவதும் 134,728. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு சாயங்காலத்தில் இதைவிடக் கூட்டம் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றும், எண்ணிப் பார்த்தவரில்லை.

3 ஏப்ரல் 2022

நாட்டின் எல்லை ஏப்ரல் 1 முதல் திறப்பு. பாய் கடைப் பலகையில் எண்கள் மாறிவிட்டன. பார்க்கத்தான் போனேன், மாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. "சிங்கப்பூர் வெள்ளி நல்லா ஓடுது தம்பி" என்றார். முகக்கவசப் பெட்டி மட்டும் இன்னும் ஓரமாக இருக்கிறது.

19 ஜூன் 2022

கூட்டம் வந்துவிட்டது என்று ஒருவர் "நான் அப்போதே சொன்னேனே" என்கிற தொனியில் எழுதியிருக்கிறார். வந்தது. கூட்டத்தைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. போன வாரம் ஒரு ஓட்டலில் அறைச்சாவிக்காக என் பயணிகள் நான்கு மணி வரைக்கும் காத்திருந்தார்கள். அறை காலிதான், மெத்தை விரிக்க ஆள் இல்லை. மேலாளரே துடைப்பத்தோடு வந்தார். அறை சுத்தம் செய்த அக்காமார்கள் என் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார்கள். மே மாதத்திலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட், ஓவர்டைம் தனி, பஸ் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஓட்டலில் பருவம் சரியில்லை என்றால் வேலை நாளைக் குறைப்பார்கள். அவர்கள் எதற்குத் திரும்ப வேண்டும்?

கதவு திறந்தவரும் திரும்பவில்லை. "கால்வலி போச்சு, உட்கார்ந்து வேலை" என்கிறார்.

பெச்சாக்காரர்களில் எனக்குப் பழக்கமான மூன்று பேரைக் காணவில்லை. வயசானவர்கள். ஒருவர் தவறிவிட்டார். மற்ற இருவர் வண்டியை விற்றுவிட்டு மகன் வீட்டோடு இருக்கிறார்கள். அதில் ஒரு வண்டி இப்போது ஒரு காப்பிக்கடை வாசலில் பூ வைத்து அலங்காரமாக நிற்கிறது. பயணிகள் அதன் முன்னால் படம் எடுக்கிறார்கள். நானும் ஒரு குடும்பத்துக்கு எடுத்துக் கொடுத்தேன், கேட்டால் எப்படி மறுப்பது?

21 ஜூன் 2022

நீங்கள் திரும்பினீர்களா என்று கேட்டவர்களுக்கு: பாதி. வார நாளில் தொழிற்சாலை, விடுப்பு கிடைக்கிற சனி ஞாயிறில் நடைப்பயணம். மனைவி சம்பளச் சீட்டைப் பார்த்துப் பழகிவிட்டார். எனக்கும் மாதக் கடைசி பயம் போய்விட்டது, அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் தமிழ் தெரிந்த வழிகாட்டி வேண்டும் என்று வார நாளில் கேட்கிறவர்களுக்குக் கைகாட்ட இளசுகள் யாரும் இல்லை. உரிமப் படிப்புக்கு ஆகிற செலவைக் கேட்டுவிட்டு, "மறுபடி மூடினா?" என்கிறார்கள். பதில் என்னிடம் இல்லை.

6 பிப்ரவரி 2023

தைப்பூசம். 2020இல் பிப்ரவரி 8, ஊரடங்குக்கு முந்தின கடைசிப் பெருங்கூட்டம் அதுதான். 2021இல் பினாங்கில் ரதமே கிளம்பவில்லை. இந்த வருஷம் பினாங்கு தெருக் கோயில்வீட்டிலிருந்து வெள்ளி ரதம், இன்னொரு பக்கம் தங்க ரதம், வழியெல்லாம் தேங்காய் மலைமலையாக. சீனர்களும் உடைக்கிறார்கள், எப்போதும் போல. எங்கள் தண்ணீர் பந்தலுக்கு இளைஞர்கள் குறைவு என்று பயந்தோம். பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட் ஆள்கள் இரவு வேலை முடித்து நேரே வந்து நீர்மோர் கரைத்தார்கள்.

இந்தத் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பயணிகளும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் வராவிட்டாலும் நடக்கும், யாரும் விளம்பரம் கொடுத்து நடத்துவதில்லை. கொழுந்தியாள் பிள்ளைகள் பந்தல் மேடையில் ஆடினார்கள். ஒரே தாளம். மெத்தையில் ஆடிய பிள்ளையும் இருந்தது, கை பிரமாதம், கால் இப்போதுதான் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் பாலிவுட் உண்டா என்று ஒரு மாமா கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

13 ஆகஸ்ட் 2023

தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே புது ஃபெரி ஓட ஆரம்பித்தாச்சு. பழைய இரண்டடுக்கு ஃபெரிகளின் வழக்கமான ஓட்டம் 2020 டிசம்பர் 31ஓடு நின்றது, ஊரடங்குக் காலத்தில் பலருக்கு வழியனுப்பக்கூட முடியவில்லை. புதியதில் குளிர்சாதனம் இருக்கிறது. கார் ஏறாது, மோட்டார்சைக்கிள் ஏறும். காற்று வாங்கிக்கொண்டு போன சுகம் போச்சு என்று என் வயசுக்காரர்கள் புலம்புகிறார்கள். என் மகள் நன்றாக இருக்கிறது என்கிறாள்.

11 ஜனவரி 2025

இந்த இழையை யாரோ தோண்டியெடுத்து, கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ஓய்வுப் பணம் வருகிறது, ஜார்ஜ்டவுனில் கடைவீடு ஒன்றை நீண்ட வாடகைக்கு எடுத்துத் தங்கும் விடுதி போடலாமா? டிசம்பர் 21 முதல் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி இண்டிகோ விமானம் வருகிறதே, தமிழ்நாட்டுக் கூட்டம் வருமே என்கிறார்.

வருகிறது. என் சனி ஞாயிறு முழுக்க நிரம்பியிருக்கிறது. இருந்தாலும் முழு வீட்டையும் விடுதியாக்க வேண்டாம் என்பேன். மேல்மாடியில் அறை போடுங்கள், கீழே உள்ளூர்க்காரன் தினமும் வாங்குகிற ஏதாவது வையுங்கள். மளிகை, தோசை மாவு, தையல், எதுவானாலும் சரி. மூடினாலும் கீழ்க்கடை வாடகையில் பாதியாவது கட்டும். ஆள் சம்பளத்தைக் கணக்குப் போடும்போது பிப்ரவரியிலிருந்து (ஐந்து ஆளுக்குக் குறைவு என்றால் ஆகஸ்டிலிருந்து) குறைந்தபட்சம் 1,700 ரிங்கிட் என்பதை மறக்காதீர்கள், அந்தச் சம்பளத்துக்கும் பாயான் லெப்பாஸ் உங்கள் ஆளை இழுக்கும். பாரம்பரிய மண்டலத்துக்குள் என்றால் சுவரில் ஆணி அடிப்பதற்கு மேல் எது செய்தாலும் மாநகர் மன்றத்திடம் முதலில் கேளுங்கள். ஒப்பந்தத்தில், அரசு மூடச் சொன்னால் அந்த மாதங்களுக்கு வாடகை எவ்வளவு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. அப்புறம் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டி வையுங்கள்.